வினிகர் எரிமலை பிள்ளைகளுக்கு என்ன கற்றுக்கொடுக்கிறது?

சாக்கட்டி | தேனி மாவட்டம் | திங்கள் இரவு 8:40

ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். புவியின் உள்ளமைப்பு ஏழாம் வகுப்பில்தான் வரும். ஆனால் யூடியூபில் எரிமலையைப் பார்த்துவிட்டு வந்து "டீச்சர், அது ஏன் வெடிக்குது?" என்று கேட்கிற பையனிடம் இரண்டு வருசம் பொறு என்று சொல்ல முடியவில்லை. அடுத்த வாரம் ஒரு பிற்பகலை இதற்கு ஒதுக்கியிருக்கிறேன்.

எல்லோரும் செய்வதையே முதலில் நினைத்தேன். களிமண் மலை, நடுவில் ஒரு சின்ன பாட்டில், அதில் சமையல் சோடா, மேலே சிவப்புச் சாயம் கலந்த வினிகர். பக்கத்து வகுப்பு சார் ஒரு கேள்வி போட்டார்: "பொங்கி முடிஞ்சதும் ஏன்னு கேட்பாங்களே, பூமிக்குள்ள யாரு வினிகர் ஊத்துனதுன்னு சொல்வீங்க?" அதிலிருந்து யோசனை ஓடுகிறது. ஆய்வகம் கிடையாது, செலவும் கட்டுக்குள் இருக்க வேண்டும். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

மாவடு | சென்னை | திங்கள் இரவு 9:05

டீச்சர், நான் வினிகர் கட்சி. என் பையன் மூன்றாம் வகுப்பில் செய்தான். வீடெல்லாம் நாற்றம், தரையெல்லாம் சிவப்பு. ஆனால் அன்றிலிருந்து எரிமலை என்றால் அவனுக்கு உயிர். அந்த வயதில் முதலில் ஆசை வரட்டுமே. காரணம் பிறகு வரும். அறுபது வயதுக்காரர்களுக்கே காரணம் தெரியாது, எட்டு வயதுக் குழந்தையை ஏன் போட்டுப் படுத்த வேண்டும்?

பாறைமணி | சேலம் | திங்கள் இரவு 10:31

ஓய்வுபெற்ற நிலவியல்காரன் நான். ஆசை வர வேண்டும் என்பதில் மாவடு அம்மாவோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் இங்கே ஆசையும் காரணமும் ஒரே பாட்டிலில் கிடைக்கும்போது ஏன் ஒன்றை விட வேண்டும்?

வினிகர் பரிசோதனையில் அமிலமும் சோடா உப்பும் சேர்ந்து புதிதாகக் கரியமில வாயுவை உண்டாக்குகின்றன. அதாவது வெளியிலிருந்து ஒன்றை ஊற்றினோம், அதனால் பொங்கியது. எரிமலையில் நடப்பது கிட்டத்தட்ட இதற்கு நேர்மாறு. வாயு ஏற்கெனவே பாறைக்குழம்பில் கரைந்து கிடக்கிறது. பெரும்பகுதி நீராவி, அப்புறம் கரியமில வாயு, கந்தக டை ஆக்சைடு. மேலே கிலோமீட்டர் கணக்கில் பாறை அழுத்திக்கொண்டிருக்கும்வரை அது குமிழியாகப் பிரியாது. குழம்பு மேலே வர வர அழுத்தம் குறைகிறது, குமிழிகள் பிறக்கின்றன, பெருக்கின்றன, குழம்பையும் இழுத்துக்கொண்டு வெளியே பாய்கின்றன. எதையும் சேர்க்கவில்லை. அழுத்தம் குறைந்தது, அவ்வளவுதான்.

இதைக் காட்ட கோலி சோடாவை மிஞ்சியது இல்லை. உடைக்காத பாட்டிலைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். "காஸ் எங்கே இருக்கிறது?" என்று கேளுங்கள். மேலே காலியாக இருக்கிற இடத்தைக் காட்டுவார்கள். தண்ணீரில் ஒரு குமிழி கூடத் தெரியாது. கோலியை அழுத்துங்கள். அடிவரை எல்லா இடத்திலிருந்தும் குமிழி கிளம்பும். "இவ்வளவு நேரம் இது எங்கே ஒளிந்திருந்தது?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். மீதியை அவர்களே பேசுவார்கள்.

தண்ணீர் ஆவியாகும்போது எவ்வளவு விரியும் என்பதையும் சொல்லலாம். ஒரு லிட்டர் தண்ணீர் கொதித்து முழுக்க ஆவியானால் சுமார் 1,700 லிட்டர் நீராவி. பாறைக்குழம்பின் எடையில் நூற்றில் நாலைந்து பங்கு நீர் கரைந்திருந்தாலே போதும், மலையின் ஒரு பக்கத்தைக் காணாமல் போக்கிவிடும்.

கரும்பலகை_ராசா | மதுரை | செவ்வாய் காலை 6:15

பாறைமணி சார் சொன்னதை ஆறாம் வகுப்பில் செய்திருக்கிறேன். சில நடைமுறைக் குறிப்புகள்:

கோலி சோடா இப்போது எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. பெட்டிக்கடையில் கேட்டால் பன்னீர் சோடா வரும், அதுவும் ஓடும். திருகு மூடி பிளாஸ்டிக் பாட்டில் இன்னும் நல்லது, ஏனென்றால் மெதுவாகத் திறக்கலாம். ஒன்றை மெதுவாகத் திறந்தால் 'உஸ்' என்று காற்று போய் அடங்கும். அதே சோடா, இன்னொரு பாட்டில், சடாரென்று திறந்தால் மேலே பாயும். ஒரே குழம்பு ஒரு தடவை அமைதியாக வழிகிறது, ஒரு தடவை வெடிக்கிறது என்பதற்கு வேறு விளக்கமே தேவைப்படாது.

கண்ணாடி பாட்டிலைக் குலுக்க விடாதீர்கள். திறப்பது மைதானத்தில், பாட்டில் வாய் யார் முகத்தையும் பார்க்கக் கூடாது. முடிந்ததும் மிச்ச சோடாவை யார் குடிப்பது என்று ஒரு சண்டை வரும். அதற்குத் தனியாக ஒன்று வாங்கி வையுங்கள்.

கொதிநிலை | கோவை | செவ்வாய் காலை 9:48

சோடா சப்பென்று இருக்கும். கண்காட்சிகளில் செய்வார்களே, ஆரஞ்சு நிறத் தூளைக் குவித்துத் தீ வைத்தால் பொறி பறந்து பச்சைச் சாம்பலாகக் கொட்டும், அசல் எரிமலை மாதிரியே இருக்கும். அமோனியம் டைகுரோமேட். நான் படித்த காலத்தில் எங்கள் வாத்தியார் மேசை மேலேயே செய்து காட்டினார். எந்தப் பிள்ளையும் மறக்காது.

கரும்பலகை_ராசா | மதுரை | செவ்வாய் காலை 10:20

வேண்டவே வேண்டாம். அது ஆறிணைதிறக் குரோமியச் சேர்மம், புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. எரியும்போது பறக்கிற தூளில் எரியாத துகளும் கலந்திருக்கும், அதைத்தான் முன்வரிசைப் பிள்ளை மூச்சில் இழுக்கும். புகைபோக்கி அறை இல்லாமல் கல்லூரியிலேயே செய்யக் கூடாத ஒன்றைத் தொடக்கப்பள்ளியில் பேசவே கூடாது. நம் வாத்தியார்கள் செய்தார்கள் என்பதெல்லாம் ஒரு காரணமா? அவர்கள் பாதரசத்தை உள்ளங்கையில் உருட்டிக் காட்டியவர்கள்.

போதாக்குறைக்கு, எரிமலைக்குள் ஏதோ தீப்பிடித்து எரிகிறது என்ற எண்ணத்தை அது இன்னும் கெட்டிப்படுத்தும்.

கொதிநிலை | கோவை | செவ்வாய் காலை 10:34

சரி, ஏற்றுக்கொள்கிறேன். விட்டுவிடுங்கள்.

சாக்கட்டி | தேனி மாவட்டம் | செவ்வாய் மாலை 5:50

நன்றி எல்லோருக்கும். இன்று பாடம் எதுவும் நடத்தாமல் ஒரு வெள்ளைத்தாள் கொடுத்து "எரிமலைக்கு உள்ளே என்ன இருக்கும்னு வரைங்க" என்று மட்டும் சொன்னேன். வந்தவற்றைப் பார்த்து அசந்துவிட்டேன்.

பாதிப் பேருக்கு மேல் உள்ளே தீ வரைந்திருக்கிறார்கள். விறகடுப்பு போலவே, சிலது விறகோடு. நிறைய தாள்களில் பூமியின் நடு மையத்திலிருந்து ஒரு குழாய் நேராக மலை உச்சிக்கு வருகிறது. எல்லோருமே முதலில் பச்சை மலை ஒன்றை வரைந்து, மரமெல்லாம் போட்டு, அப்புறம் அதன் தலையில் ஓட்டை போட்டிருக்கிறார்கள். ஒரு பெண் மட்டும் மலைக்குக் கண், மூக்கு வைத்துக் கோபமாக வரைந்திருந்தாள். அவள் கேட்ட கேள்விதான் எனக்குப் பதில் தெரியாதது: "உள்ள யாரு டீச்சர் சூடு பண்ணாங்க?"

பாறைமணி | சேலம் | செவ்வாய் இரவு 9:10

இந்தத் தாள்களைப் பத்திரமாக வையுங்கள், டீச்சர். பாடத்தைக் கட்ட இதைவிட நல்ல அடித்தளம் கிடையாது. ஒவ்வொன்றாக வருகிறேன்.

சூடு: பூமி உருவாகி சுமார் 454 கோடி ஆண்டு. சிறிதும் பெரிதுமாகப் பாறைகள் மோதிச் சேர்ந்து உருவானபோது வந்த வெப்பம் இன்னும் முழுக்க ஆறவில்லை. கூடவே யுரேனியம், தோரியம், பொட்டாசியம் போன்றவை பாறைக்குள் சிதைந்து சிதைந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டைக் கொடுத்துக்கொண்டே இருக்கின்றன. ஐந்தாம் வகுப்புக்கு "பிறந்தபோது இருந்த சூடு இன்னும் ஆறவில்லை, உள்ளே சில பொருள்களும் சூடு தருகின்றன" என்றால் போதும்.

தீ: எரிய ஆக்சிஜன் வேண்டும். அங்கே எதுவும் எரியவில்லை, பாறை உருகியிருக்கிறது. செக்கச்செவேல் என்று தெரிவது சூட்டினால். பட்டறையில் காய்ச்சிய இரும்பைப் பார்த்த பிள்ளை இருந்தால் அவனைப் பேச விடுங்கள். மேலே எழுவதும் புகை இல்லை, தூளாய்ச் சிதறிய பாறையும் கண்ணாடித் துகளும். பெயர்தான் சாம்பல். 1991-ல் பிலிப்பைன்சில் பினாடுபோ வெடித்த அன்றே புயல் மழையும் வந்தது. நனைந்த சாம்பலின் பாரம் தாங்காமல் கூரைகள் இடிந்துதான் அங்கே பலர் இறந்தார்கள். அடுப்புச் சாம்பலாக இருந்தால் கரைந்து ஓடியிருக்கும்.

மையத்திலிருந்து வரும் குழாய்: இதற்கு ஒரு கயிறும் சாக்பீஸும் போதும். பூமியின் ஆரம் 6,371 கி.மீ. நூறு கிலோமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டு, 64 செ.மீ. கயிற்றால் தரையில் ஒரு வட்டம் போடச் சொல்லுங்கள். நடுவில் இருக்கிற கருவம் வெளி விளிம்பிலிருந்து 29 செ.மீ. உள்ளே தொடங்கும். பாறைக்குழம்பு பெரும்பாலும் உருவாவது விளிம்பிலிருந்து ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குள்தான். நாம் நிற்கிற மேலோடு சாக்பீஸ் கோட்டின் கனம். எவரெஸ்ட் ஒரு மில்லிமீட்டர் கூட வராது. உட்கார்ந்து பார்த்த பிள்ளைகள் இனி மையத்திலிருந்து குழாய் போட மாட்டார்கள்.

இன்னொன்று, இது என் நெடுநாள் ஆதங்கம். எல்லாப் படங்களிலும் மேலோட்டுக்கும் கருவத்துக்கும் நடுவே உள்ள கவசத்தைச் சிவப்பு, ஆரஞ்சு நிறத்தில் தீட்டி வைக்கிறார்கள். பார்க்கிற பிள்ளை, மேலோட்டுக்குக் கீழே லாவாக் கடல் தளும்புகிறது என்று நினைக்காமல் என்ன செய்யும்? கவசம் திடப் பாறை. நிலநடுக்க அலைகளில் திரவத்துக்குள் போக முடியாத வகை ஒன்று உண்டு, அது கவசத்தைத் தாராளமாகக் கடந்து போகிறது. அதன் மேல்பகுதியில் அதிகம் இருப்பது ஒலிவின் என்ற கனிமம். அதன் நிறம் பச்சை! ஆகவே உங்கள் வட்டத்தில் கவசத்துக்குப் பச்சைச் சாக்பீஸ் எடுங்கள். "ஏன் பச்சை?" என்று ஒருவராவது கேட்பார், அந்த வகுப்பு உங்களுடையது.

மாவடு | சென்னை | செவ்வாய் இரவு 9:42

பச்சையா! இத்தனை வருசம் சிவப்பு க்ரேயானைத் தீர்த்தோமே. சரி சார், ஒரு சந்தேகம். கவசம் திடமாக இருந்தால் குழம்பு எங்கிருந்து வருகிறது? அவ்வளவு சூட்டில் எல்லாமே உருகியிருக்க வேண்டாமா?

பாறைமணி | சேலம் | புதன் காலை 5:55

சூடு உருக்கப் பார்க்கிறது, மேலே உள்ள பாரம் உருகாமல் இறுக்கிப் பிடிக்கிறது. பெரும்பாலான இடங்களில் பாரமே ஜெயிக்கிறது. இரண்டு விதத்தில் அது தோற்கும். சூடான பாறை மெல்ல மேலெழுந்து பாரம் குறைகிற இடத்துக்கு வந்தால் கொஞ்சம் உருகும். ஹவாயிலும் கடலடி முகடுகளிலும் அப்படித்தான். இன்னொரு வழி, தண்ணீர் கலப்பது. ஈரம் சேர்ந்த பாறை குறைந்த சூட்டிலேயே உருக ஆரம்பித்துவிடும். பூமியின் மேற்பகுதி பெரிய பெரிய தட்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது. கடலடித் தட்டு இன்னொரு தட்டுக்கு அடியில் செருகும்போது தன்னோடு நீரையும் கொண்டுபோகிறது. இந்தோனேசியா, ஜப்பான், நம் அந்தமான் எல்லாம் இந்த வகை.

உருகியது சுற்றியுள்ள பாறையைவிட இலேசு, அதனால் மேலே வருகிறது. ஐந்தாம் வகுப்புக்கு இந்தப் பத்தி முழுக்கத் தேவையில்லை. "சில இடங்களில் மட்டும், கொஞ்சம் மட்டும் உருகுகிறது" என்று சொன்னால் பொய் சொன்னதாகாது.

பாண்டுங்காரன் | இந்தோனேசியா | புதன் காலை 8:30

வணக்கம், திருப்பூர்க்காரன். பாண்டுங்கில் துணி ஆலை வேலை. எங்கள் வீட்டு மாடியிலிருந்து வடக்கே பார்த்தால் தங்குபான் பராகு தெரியும், 2,084 மீட்டர். விடுமுறையில் கார் எடுத்துக்கொண்டு எரிமலைவாய் விளிம்பு வரைக்கும் போய் சோளம் வாங்கித் தின்றுவிட்டு வருவோம். 2019 ஜூலையில் அது திடீரென்று சாம்பலைக் கக்கியபோது மேலே சுற்றுலாப் பயணிகள் இருந்தார்கள்.

இங்கே என் மகள் படிக்கிற பள்ளியில் ஏன் வெடிக்கிறது என்பதற்கு முன்னால் நான்கு சொற்களைக் கற்றுக்கொடுத்துவிடுகிறார்கள். நோர்மல், வஸ்பாடா, சியாகா, ஆவாஸ். இயல்பு, விழிப்பு, தயார், ஆபத்து என்று நான்கு படி. எந்த மலை எந்தப் படியில் இருக்கிறது என்று அரசின் எரிமலைக் கண்காணிப்பு மையம் அறிவிக்கும். அதன் தலைமையகமே பாண்டுங்கில்தான். பிள்ளைகளுக்கு மலை ஒரு பூதம் இல்லை. அளந்து பார்க்கிற ஒன்று. நிலநடுக்கமானி வைத்திருக்கிறார்கள், மலை வீங்குகிறதா என்று பார்க்கிறார்கள், வாயுவை அளக்கிறார்கள்.

டீச்சருக்கு ஒரு யோசனை. எல்லா எரிமலையும் ஒரே மாதிரி வெடிப்பதில்லை என்பதை இங்கே ஸ்ட்ராவை வைத்துக் காட்டினார்கள். ஒரு டம்ளரில் தண்ணீர், ஒன்றில் கெட்டியான சர்க்கரைப் பாகு (ஆறியது!). இரண்டிலும் ஸ்ட்ராவால் ஊதச் சொல்ல வேண்டும். தண்ணீரில் குமிழி பொலபொலவென்று எழுந்து போய்விடும். பாகில் ஊதவே மூச்சு முட்டும், குமிழி பெரிதாகி மேலே வந்து டப்பென்று உடைந்து சட்டையில் தெறிக்கும். இளகிய குழம்பு, கெட்டிக் குழம்பு வித்தியாசம் அவ்வளவுதான். ஆளுக்கொரு ஸ்ட்ரா கொடுங்கள், பழைய சட்டை போட்டு வரச் சொல்லுங்கள்.

கரும்பலகை_ராசா | மதுரை | புதன் மதியம் 1:05

பிரமாதம். இதோடு இரண்டு நிஜ எரிமலையையும் சேர்த்துவிடலாம். இளகியதற்கு ஹவாயின் கீலவேயா. 2018-ல் 700 வீடுகளுக்கு மேல் லாவாவில் போயின, ஆனால் ஜனங்கள் சாமான் செட்டை எடுத்துக்கொண்டு விலகிப் போக முடிந்தது.

கெட்டிக்கு அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ். கோலி சோடாவை அப்படியே மலையாக நிறுத்தியது போன்ற கதை. 1980 மார்ச்சில் நிலம் நடுங்க ஆரம்பித்தது. உள்ளே ஏறிய குழம்பு வெளியே வர முடியாமல் வடக்குச் சரிவு புடைக்கத் தொடங்கியது. நாளுக்கு ஒன்றரை மீட்டர் வரை! மே 18 காலை 8:32-க்கு ஒரு நிலநடுக்கம், புடைத்த பக்கம் முழுக்கச் சரிந்து விழுந்தது. மூடி போயிற்று. உள்ளே இருந்தது பக்கவாட்டில் பீறிட்டது. 57 பேர் இறந்தார்கள், மலை 400 மீட்டர் குட்டையானது. முன்னும் பின்னும் எடுத்த படங்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள், பேச்சே வேண்டாம்.

கடலோரப்பனை | திருகோணமலை | புதன் இரவு 7:20

வணக்கம். நான் தரம் 5 ஆசிரியை. புலமைப்பரிசில் பரீட்சைக் காய்ச்சலில் எங்கள் பிள்ளைகளுக்கு இப்படியான பாடத்துக்கு நேரம் கிடைப்பதே அருமை. இருந்தாலும் ஆண்டுதோறும் ஒருவராவது கன்னியா வெந்நீர்க் கிணறுகளைப் பற்றிக் கேட்டுவிடுவார். "மிஸ், அதற்குக் கீழே எரிமலை இருக்கா?" இல்லை என்பதுதான் விடை. இலங்கையில் எரிமலை கிடையாது. மழைநீர் பாறைப் பிளவுகளின் வழியே ஆழத்துக்கு இறங்கி, அங்குள்ள வெப்பத்தில் சூடாகித் திரும்பி வருகிறது. நிலத்தின் கீழே போகப் போகச் சூடு என்பதற்குத் தொட்டுப் பார்க்கக்கூடிய சாட்சி எங்கள் ஊரிலேயே இருக்கிறதென்று சொல்லுவேன்.

சாக்கட்டி, உங்கள் பிள்ளைகள் முதலில் மலையை வரைந்துவிட்டுப் பிறகு ஓட்டை போட்டார்கள் என்றீர்களே, எங்களிடமும் அதே கதைதான். அதற்கு நான் பரிக்குட்டீன் கதையைச் சொல்லுகிறேன். மெக்சிகோவில் டியோனிசியோ புலிடோ என்ற விவசாயி, 1943 பெப்ரவரி 20, தன் சோள வயலில் வேலையாக நிற்கிறார். நிலம் வெடிக்கிறது, கந்தக நாற்றம், உறுமல், சாம்பல். அடுத்த நாள் காலையில் போய்ப் பார்த்தால் வயலில் ஒரு குன்று நிற்கிறது. ஒரு வருடத்தில் 336 மீட்டர் உயரம். 1952-ல் அடங்கியபோது 424 மீட்டர். இரண்டு ஊர்களை லாவா மூடியது. ஒரு தேவாலயத்தின் கோபுரம் மட்டும் இன்றைக்கும் கறுத்த பாறைக்கு மேலே நிற்கிறது. லாவா மெல்ல வந்தபடியால் மக்கள் வெளியேறிவிட்டார்கள்.

கதை முடிந்ததும் நான் ஒன்றும் விளக்குவதில்லை. "அப்ப மலை எங்கேயிருந்து வந்தது?" என்று மட்டும் கேட்பேன். உள்ளே இருந்து வந்ததே குவிந்து மலையானது என்று பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடிக்கும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

சாக்கட்டி | தேனி மாவட்டம் | புதன் இரவு 8:02

அக்கா, அருமை. 336 மீட்டர் என்றால் தஞ்சைப் பெரிய கோயில் விமானம் போல ஐந்து மடங்கு. எங்கள் பிள்ளைகள் போன வருசம் சுற்றுலாவில் அதைப் பார்த்தார்கள், சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

நாட்டுச்சர்க்கரை | விழுப்புரம் | வியாழன் காலை 7:40

நம் திருவண்ணாமலையே பழைய எரிமலைதானே? அதைச் சொல்லாமல் மெக்சிகோவுக்குப் போகிறீர்களே. அக்னித் தலம் என்று முன்னோர்கள் சும்மாவா சொன்னார்கள்?

பாறைமணி | சேலம் | வியாழன் காலை 8:25

நிறையப் பேர் நம்புகிற விஷயம்தான். மலை மேல் மூன்று தடவை நடந்திருக்கிறேன் என்ற உரிமையில் சொல்கிறேன். அங்கே எரிமலைக் கூம்பு இல்லை, லாவா அடுக்கு இல்லை. அந்தப் பகுதிப் பாறைகள் பூமியின் ஆழத்தில் கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் உருவாகி, மேலே இருந்தது கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரித்துப் போனதால் வெளியே தெரிபவை. அக்னித் தலம் என்பது வழிபாட்டு மரபு. அதை மதிக்க அங்கே லாவா ஓடியிருக்க வேண்டிய அவசியம் இல்லை.

லாவாப் பாறையைக் கையால் தொட ஆசையா? உடுப்பிக்குப் பக்கம் மால்பே போய்ப் படகு ஏறி செயின்ட் மேரீஸ் தீவுக்குப் போங்கள். ஆறு பட்டைத் தூண்கள் வரிசை வரிசையாக நிற்கும். லாவா ஆறும்போது சுருங்கி வெடித்ததால் வந்த வடிவம். மகாராஷ்டிரத்தில் அஜந்தா, எல்லோரா குகைகளைக் குடைந்ததும் லாவாப் பாறையில்தான். சுமார் 6.6 கோடி ஆண்டுக்கு முன் வழிந்து, அடுக்கடுக்காகப் படிந்தது.

மட்டுறுத்துநர் | வியாழன் காலை 8:50

திருவண்ணாமலை பற்றித் தொடர விரும்புகிறவர்கள் தனி இழை தொடங்கவும். இங்கே வகுப்பறைப் பேச்சு மட்டும்.

மாவடு | சென்னை | வியாழன் இரவு 9:15

இழையைப் படித்துக்கொண்டிருந்தபோது சின்னவள் எட்டிப் பார்த்துவிட்டாள். செயின்ட் ஹெலன்ஸ் கதையைக் கேட்டதிலிருந்து தூங்க மாட்டேன் என்கிறாள். "நம்ம பரங்கிமலை வெடிச்சிடுமா?" என்று அழுகை. வெடிக்காது என்று சொன்னால் "எப்படித் தெரியும்?" என்கிறாள். சார், அவசரம்.

பாறைமணி | சேலம் | வியாழன் இரவு 9:31

பரங்கிமலையா! அந்தப் பாறைக்கு சார்னோகைட் என்று பெயர். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குப் போட்ட கல் அந்த வட்டாரத்திலிருந்து போனது, அதனால் அந்தப் பெயர். ஆழத்தில் உருவாகி எப்போதோ ஆறிப்போன கல். தைரியமாகச் சொல்லுங்கள்.

"எப்படித் தெரியும்" என்பதற்கு வரைபடத்தை எடுங்கள். எரிமலைகள் கண்ட இடத்தில் இல்லை. பெரும்பாலும் புவித்தட்டுகளின் ஓரங்களில் வரிசையாக இருக்கின்றன. பசிபிக் கடலைச் சுற்றி மட்டும் உலகின் துடிப்பான எரிமலைகளில் நான்கில் மூன்று பங்கு. சென்னை தட்டின் ஓரத்தில் இல்லை, உள்ளே தள்ளி இருக்கிறது. நம் தட்டு அந்தமான் பக்கம் போய்த்தான் இன்னொரு தட்டுக்கு அடியில் செருகுகிறது. அங்கே பேரன் (Barren) தீவு இருக்கிறது, போர்ட் பிளேரிலிருந்து சுமார் 140 கி.மீ. இந்தியாவில் இப்போது உயிரோடு இருக்கிற ஒரே எரிமலை. 1787-ல் வெடித்ததைக் கப்பல்காரர்கள் பார்த்து எழுதியிருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அடங்கி, நூறு வருசத்துக்கு மேல் தூங்கி, 1991-ல் மறுபடி விழித்தது. ஆள் யாரும் அங்கே குடியிருக்கவில்லை. சென்னையிலிருந்து சுமார் 1,500 கி.மீ.

2004 சுனாமியைக் கிளப்பிய நிலநடுக்கமும் அதே செருகல் கோட்டில்தான் நடந்தது. அதை இன்றைக்கு அவளிடம் சொல்ல வேண்டாம், தூங்கட்டும்.

மாவடு | சென்னை | வியாழன் இரவு 10:20

தூங்கிவிட்டாள். ஆனால் பேரன் தீவில் ஆடு மாடு இருக்கா என்று கேட்டுவிட்டுத்தான். (காட்டு ஆடுகள் இருக்கின்றனவாம், தேடிப் பார்த்தேன்.)

கரும்பலகை_ராசா | மதுரை | வெள்ளி காலை 6:30

டீச்சர், கடைசியாக ஒன்று. சோடா குமிழியைக் காட்டும், ஆனால் உருகுவதையும் மேலெழுவதையும் காட்டாது. அதற்கு மெழுகு. நீங்கள் மட்டும் செய்ய வேண்டியது, பிள்ளைகள் தள்ளி நின்று பார்க்க வேண்டும்.

சூடு தாங்கும் கண்ணாடி பீக்கர் ஒன்றை உயர்நிலைப்பள்ளியில் இரவல் வாங்குங்கள். சாதாரண டம்ளர் விரிசல் விடும். அடியில் சிவப்பு மெழுகுவத்தியை உருக்கி ஒரு விரல் கனத்துக்கு ஊற்றி இறுக விடுங்கள். மேலே ஈர மணல் ஓர் அடுக்கு. அப்புறம் முக்கால் பீக்கர் குளிர்ந்த தண்ணீர், மணல் கலையாமல் மெதுவாக. கீழே சாராய விளக்கு. சில நிமிடம் ஒன்றும் நடக்காது, பிள்ளைகள் நெளிவார்கள். திடீரென்று மணலைப் பிளந்துகொண்டு மெழுகு தண்ணீருக்குள் பாயும், மேலே போய் உறைந்து மிதக்கும். கொஞ்சம் மணலுக்குள்ளேயே சிக்கி உறைந்திருக்கும். ஆறிய பிறகு எடுத்து உடைத்துக் காட்டுங்கள், வெளியே வராமல் உள்ளேயே உறைந்த குழம்பு எப்படி இருக்கும் என்று தெரியும். பீக்கரை மூடியால் மூடவே கூடாது.

வினிகரையும் ஒதுக்க வேண்டாம். எல்லாம் முடிந்த பிறகு செய்துவிட்டு, "இதுக்கும் நிஜ எரிமலைக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேளுங்கள். அதுதான் உங்கள் தேர்வு வினாத்தாள்.

மாவடு | சென்னை | வெள்ளி காலை 7:10

கடைசியில் வினிகருக்கும் ஒரு இடம் கொடுத்தீர்களே, அது போதும் எனக்கு.

சாக்கட்டி | தேனி மாவட்டம் | அடுத்த வியாழன், மாலை 6:15

முடித்துவிட்டேன். வரைந்த தாள், பரிக்குட்டீன் கதை, தரையில் பச்சை வட்டம், சோடா, பாகு, மெழுகு, கடைசியில் வினிகர். ஒரே பிற்பகலில் அடங்கவில்லை, இரண்டாம் நாளுக்கும் ஓடியது. மெழுகு கிளம்பியபோது வகுப்பே கத்தியதில் தலைமை ஆசிரியர் ஓடி வந்து எட்டிப் பார்த்தார். பாகு ஊதியதில் சட்டைகள் நாசம், இரண்டு அம்மாக்கள் என் மேல் கோபம்.

கடையில் பாதம் தேய்க்கிற நுரைக்கல் ஒன்றும் வாங்கிப் போயிருந்தேன். ஓட்டை ஓட்டையாக இருப்பதைப் பார்த்து ஒரு பையன் "சோடா கல்லாயிடுச்சு டீச்சர்" என்றான். வினிகர் கேள்விக்குக் கிடைத்த பதில்களில் எனக்குப் பிடித்தது: "இதுல நீங்க ஊத்துனீங்க. அதுல யாரும் ஊத்தல, திறந்துச்சு."

ஒரு கேள்விக்கு மட்டும் நாளை பதில் சொல்கிறேன் என்று வந்திருக்கிறேன். கோப மலை வரைந்த அதே பெண்தான். "இவ்ளோ பாறை வெளிய வந்துட்டா உள்ள பள்ளமாயிடாதா? மலை கீழ விழுந்துடாதா?"

பாறைமணி | சேலம் | அடுத்த வியாழன், இரவு 8:47

விழும்! அவளிடம் அப்படியே சொல்லுங்கள். குழம்பு மிகுதியாக வெளியேறினால் மேல்கூரை தாங்காமல் உள்ளே இறங்கி, பெரிய கிண்ணம் போன்ற பள்ளமாகும். பினாடுபோவின் உச்சி 1991-ல் அப்படி இறங்கி இரண்டரைக் கிலோமீட்டர் அகலப் பள்ளமானது, இப்போது அதில் ஏரி. 1815-ல் வெடித்த தம்போராவின் பள்ளம் ஆறு கிலோமீட்டருக்கு மேல். இவற்றையெல்லாம் விடப் பெரியதைக் காட்ட வேண்டுமானால் சுமத்ராவில் தோபா ஏரி. சுமார் 74,000 ஆண்டுக்கு முன் வெடித்து இறங்கிய இடம், இப்போது ஏறக்குறைய 100 கி.மீ. நீளமும் 30 கி.மீ. அகலமும் உள்ள ஏரி. அந்தச் சாம்பல் வங்கக்கடலைத் தாண்டி வந்து, ஆந்திராவின் கர்நூல் பக்கம் ஜுவாலாபுரத்தில் இன்றைக்கும் மண்ணுக்கடியில் வெள்ளை அடுக்காகக் கிடக்கிறது.

நுரைக்கல் பற்றி ஒரு எச்சரிக்கை: கடையில் விற்பதில் செயற்கையாகச் செய்ததும் உண்டு. எல்லா ஓட்டையும் ஒரே அளவாக, அச்சில் வார்த்தது போல இருந்தால் சந்தேகப்படுங்கள்.

பாண்டுங்காரன் | இந்தோனேசியா | அடுத்த வெள்ளி, காலை 7:05

டீச்சர், பொங்கலுக்கு ஊர் வருகிறேன். இங்கே நுரைக்கல் கடையிலேயே மூட்டையாகக் கிடைக்கும், வகுப்புக்கு ஆளுக்கொன்று கொண்டுவருகிறேன். தண்ணீரில் போட்டால் மிதக்கும், நான் போட்டுப் பார்த்துவிட்டேன்.